பழைய தொழுவம், களஞ்சியம், கல் மதில்: பொதுப் பணத்தில் பழுதுபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணையில் பாட்டன் காலத்துத் தொழுவம் ஒன்று கூரை உள்வாங்கி நிற்கிறது. இடித்துத் தள்ளலாமா, நிறுத்தி வைக்கலாமா, நிறுத்துவதென்றால் செலவை யார் ஏற்பது? பல நாடுகளில் விவசாயிகள் இந்தக் கேள்வியோடு அலுவலகப் படி ஏறுகிறார்கள். அதற்கென்று மானியம் தரும் அரசுகளும் இருக்கின்றன. விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அவற்றுக்குப் பின்னால் உள்ள யோசனை ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

தனியாருடைய மாட்டுக்கொட்டகைக்கு மக்களின் வரிப்பணம் எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

நூற்றைம்பது வருடத்துக் கல் தொழுவத்துக்கு இன்று வேலை போய்விட்டது. அதன் வாசலில் டிராக்டர் நுழையாது. இயந்திரம் சுருட்டிப் போடும் பெரிய வைக்கோல் உருளை, ஒரு ஆள் கவைக்கோலால் தள்ளுவதற்காக வைத்த மேல்சாளரத்தில் புகாது. கறவை மாடு வளர்ப்புக்கு இன்று கேட்கும் தரை, வெளிச்சம், காற்றோட்டம் எதுவும் அங்கே இல்லை. அதைப் பழுதுபார்க்கும் காசில் இரும்புத் தூண் நட்டுப் பெரிய கொட்டகையே போட்டுவிடலாம். ஆக, விவசாயியின் கணக்கில் அது நஷ்டம். அந்த வழியாகப் போகிறவர்களுக்கும், அந்த ஊரின் தோற்றத்தை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் அதனால் கிடைப்பது லாபம். லாபம் ஊருக்கு, செலவு ஒருவருக்கு என்று இருந்தால் அந்த ஒருவர் எத்தனை நாள் செலவழிப்பார்?

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியைப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் புல்வெளிகள்தோறும் தனித்தனியாகச் சிறு கல் கட்டடங்கள் நிற்கின்றன. கீழே சில மாடுகள், மேலே அந்த நிலத்திலேயே அறுத்த உலர்புல். குளிர்காலம் முழுவதும் விவசாயி பனியில் நடந்து வந்து மேலிருந்து புல்லைத் தள்ளிவிடுவார். மாடு தின்னும், சாணம் போடும், வசந்தத்தில் அந்த எரு அதே புல்வெளிக்குப் போகும். எதையும் வண்டியில் ஏற்றி ஊருக்கும் காட்டுக்கும் அலைய வேண்டாம். அந்தக் கட்டடங்களையும் அவற்றைச் சுற்றி ஓடும் கல் மதில்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பச்சைச் சரிவு மட்டும்தான். அங்கே மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்குத் தடயம் இருக்காது. 1989-இல் அந்தப் பள்ளத்தாக்கின் தொழுவங்களும் மதில்களும் ஒட்டுமொத்தமாகப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வேலையில் பொருள் செலவு குறைவு, கூலிச் செலவு அதிகம். கல் பெரும்பாலும் இடிந்து கிடக்கும் இடத்திலேயே இருக்கும். வேண்டியது கொத்தனாரும் தச்சரும். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லேக் டிஸ்ட்ரிக்டில் 1998 முதல் 2004 வரை ஒரு வேளாண் சூழல் திட்டத்தின் (இயற்கையையும் நிலத்தோற்றத்தையும் காத்து விவசாயம் செய்பவருக்கு அரசு பணம் தரும் திட்டம்) கீழ் 650-க்கும் மேற்பட்ட பண்ணைக் கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. பின்னர் அதை ஆராய்ந்தவர்கள், செலவழித்த பணம் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே சுழன்றதைக் கண்டார்கள்.

அதற்காக எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பணமும் கிடையாது.

எதையெல்லாம் "மரபுப் பண்ணைக் கட்டடம்" என்று ஏற்கிறார்கள்?

வயது ஒரு அளவுகோல். இங்கிலாந்தின் வேளாண் சூழல் திட்டங்களில் 1940-க்கு முன், அந்தந்த வட்டாரத்துப் பொருள்களாலும் முறைகளாலும் கட்டியிருக்க வேண்டும். இத்தாலி அண்மையில் தந்த பெரும் நிதிக்கு 70 வயது தாண்டியிருக்க வேண்டும். நார்வேயில் 1900-க்கு முந்தைய கட்டடங்களுக்கென்று செஃப்ராக் என்ற பதிவேடே இருக்கிறது. ஸ்பெயினில் 1973-இல் வந்த ஆணை ஒன்று, கலீசியா, அஸ்தூரியாஸ் பகுதிகளில் நூறு வயது கடந்த ஓரேயோ எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஓரேயோ என்பது கல் கால்களின் மேல் தூக்கிக் கட்டிய தானியக் களஞ்சியம். ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான அகலக் கல் ஒன்று இருக்கும். காலைப் பிடித்து ஏறி வரும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொற்ற முடியாமல் திரும்பிவிடும்.

கட்டடம் என்றதும் நாலு சுவர் ஒரு கூரை என்று நினைத்துவிட வேண்டாம். வாசல் தூண், இரும்புக் கதவு, கல் பாவிய முற்றம், ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால், கல் மதில் ஆகியவற்றுக்கும் அயர்லாந்துத் திட்டம் பணம் தருகிறது. வசிக்கும் வீடு மட்டும் சேராது. அதற்கு வேறு வழிகள் உண்டு.

என் கட்டடம் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலான திட்டங்களில் விண்ணப்பிக்கலாம். இந்த மானியங்கள் பிறந்ததே பட்டியலில் ஏறாத கட்டடங்களுக்காகத்தான். கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது; பன்றித் தொழுவத்தை யார் பட்டியலில் எழுதினார்கள்? பிரான்சில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உருவான மரபுச் சொத்து அறக்கட்டளை, அரசுப் பாதுகாப்புப் பெறாத கட்டடங்களையே முக்கியமாகக் கவனிக்கிறது.

பணம் எந்த வழிகளில் வருகிறது?

முதல் வழி நேரடி மானியம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதற்கு அயர்லாந்தைச் சொல்லலாம். அங்கே வேளாண் துறை பணம் தருகிறது, மரபுரிமை மன்றம் திட்டத்தை நடத்துகிறது. வேளாண் சூழல் திட்டத்தில் சேர்ந்த விவசாயிகள் விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் மானியம் 4,000 யூரோவிலிருந்து 30,000 யூரோ வரை. செலவில் 75 சதவீதத்தைத் தாண்டாது. தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கட்டடம் மறுபடி பண்ணை வேலைக்குப் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம், அதற்கு இந்தத் தொகை பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தரும் சிறு தொகை. இங்கிலாந்தில் மழை ஒழுகாத நிலையில் இருக்கும் பழைய கட்டடத்தை அப்படியே வைத்திருக்க, சதுர மீட்டர் கணக்கில் கொடுத்தார்கள். பெரிய பணமில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை ஏணி வைத்துக் கூரையைப் பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான செலவு இதுதான். ஒரு வில்லை ஓடு விலகியபோது மாட்டிவிட்டால் காசு சில்லறை. விட்டுவிட்டால் தண்ணீர் உத்தரத்தின் முனையில் இறங்கும், மரம் உளுத்துப்போகும், கூரையின் எடை சுவரை வெளியே தள்ளும், அப்புறம் பத்து வருடம் கழித்து அதே இடத்துக்கு முப்பதாயிரம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். பராமரிப்புத் தொகையின் குறை என்னவென்றால், ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள கட்டடத்துக்குத்தான் அது கிடைக்கும்.

மூன்றாவது, வரிச் சலுகை. அமெரிக்காவில் வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தைத் தரமாகச் சீர்செய்தால் செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரியில் கழியும். பண்ணைக் களஞ்சியங்களும் இதில் அடங்கும். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருப்பவருக்கு இது நல்லது. சிறு விவசாயிக்குப் பெரிதாக உதவாது.

பிறகு அறக்கட்டளைகள். சுவிட்சர்லாந்து தன் கூட்டமைப்பின் 700-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1991-இல் நிலத்தோற்றத்துக்கென ஒரு நிதியம் தொடங்கியது. பழைய தொழுவக் கூரையும் கல் மதிலும் அதன் அன்றாட வேலை. பிரான்சில் 2018 முதல் மரபுச் சொத்துக்கென்றே லாட்டரி நடத்துகிறார்கள்.

கடைசியாக ஒரே தவணையில் கொட்டும் பெருநிதி. கோவிட் காலத்துக்குப் பிந்தைய மீட்புத் திட்டத்தில் இத்தாலி கிராமக் கட்டடக்கலைக்கு மட்டும் 60 கோடி யூரோ ஒதுக்கியது. ஒரு கட்டடத்துக்குப் பொதுவாகச் செலவில் 80 சதவீதம், உச்சவரம்பு ஒன்றரை லட்சம் யூரோ. கேட்கச் சந்தோஷமான எண். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாரும் கொத்தனாரைத் தேடினால் கூலி ஏறும், கெடு நெருங்க நெருங்க வேலையில் அவசரம் வரும். வருடாவருடம் கொஞ்சமாக வரும் பணத்தை நம்பித்தான் ஒரு கொத்தனார் கையாள் வைத்துத் தொழில் கற்றுக்கொடுப்பார்.

முழுச் செலவையும் தந்துவிடுவார்களா?

அபூர்வம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் களஞ்சிய மானியம் பாதிக்குப் பாதி: அரசு ஒரு டாலர் போட்டால் உரிமையாளர் ஒரு டாலர். வேறு இடங்களில் 75, 80 சதவீதம் வரை போகும்.

சதவீதத்தைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும். முதலில் நீங்கள் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டும், ரசீதும் புகைப்படமும் அனுப்ப வேண்டும், யாராவது வந்து பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் வங்கிக் கணக்கில் ஏறும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கையில் காசு இல்லாமல் ஒப்புதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே இந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவணை முறையில் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எந்த வேலைக்குத் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள்?

கூரை, சுவர், உத்தரம், கதவு, சன்னல், மழைநீர்க் குழாய். கட்டடத்தை நிற்கவும் நனையாமல் இருக்கவும் வைக்கும் வேலைகள் இவை. புதிதாகச் சேர்ப்பது, அழகுபடுத்துவது, உள்ளே மின்விளக்கு அலங்காரம் போன்றவற்றுக்கு இல்லை.

அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் கொள்கை ஒன்று உண்டு: எது கெட்டதோ அதை மட்டும் தொடு. ஒரு கைமரத்தின் முனை மட்டும் உளுத்திருந்தால் அந்த முனையை வெட்டிப் புது மரத்துண்டை இணைக்க வேண்டும். முழுக் கைமரத்தையும் எடுத்து எறியக் கூடாது. பழைய ஓட்டில் பாதி தேறினால் அந்தப் பாதியை எல்லாரும் பார்க்கும் முன்பக்கச் சரிவுக்கும், புதியதைப் பின்பக்கத்துக்கும் போடுவது வழக்கம். இது கஞ்சத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் பழைய உத்தரத்தில் தச்சர் வெட்டிய அடையாளக் கீறல்கள் இருக்கும். எந்தச் சட்டம் எந்தப் பொருத்தில் உட்கார வேண்டும் என்று தரையில் வைத்துக் கோத்தபோது போட்ட எண்கள் அவை. கதவுக்குப் பின்னால் யாரோ மூட்டைக் கணக்கைக் கோடு கோடாகக் கிழித்திருப்பார். எல்லாவற்றையும் புதிதாக்கினால் கட்டடம் பளிச்சென்று இருக்கும், இவை போய்விடும்.

கோணலாக நிற்கும் சுவரை நிமிர்த்த வேண்டுமா என்றும் கேட்பார்கள். நூறு வருடமாக அதே கோணலில் நிற்கிறது, புதிதாக நகரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சிமெண்ட் ஏன் கூடாது? பலமானதுதானே?

பலம்தான் பிரச்சினை. பழைய கல் சுவர் இரண்டு முகமாகக் கட்டி நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும் நிரப்பியது. அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தண்ணீர் உள்ளே வரும். வந்தது சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகி வெளியே போகும். அந்தக் காரை கல்லைவிட மென்மையானது, நுண்துளை அதிகம். சுவர் லேசாக அசைந்தாலும் அது விட்டுக்கொடுக்கும்.

இப்போது கல் இடுக்குகளில் சிமெண்ட் அடைத்தால் ஈரம் போகும் வாசல் மூடிவிடுகிறது. அது கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு கல்லின் மேற்பரப்புக்குக் கீழே படிகமாகி, தோலை உரிப்பதுபோல் செதில் செதிலாகக் கல்லைக் கழற்றும். உறைபனி உள்ள நாடு என்றால் இன்னும் வேகம். சில வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோல் முன்னே துருத்திக்கொண்டிருக்கும், கல் உள்ளே குழிந்திருக்கும். சிமெண்டுக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழுந்துவிட்டாலோ, மழை அதன் வழியே இறங்கி உள்நிரப்பு மண்ணைக் கரைக்கும், வெளியேற வழியில்லாமல் சுவர் வயிறு தள்ளும்.

அதனால்தான் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் சுண்ணாம்பைக் கேட்கின்றன. ஏற்கெனவே அடைத்த சிமெண்டை எடுப்பதிலும் கவனம் வேண்டும். சிறு உளியும் சுத்தியலும் கொண்டு, தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுப்பார்கள். இயந்திரம் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பு போய்விடும்.

தகரக் கூரைக்கெல்லாம் மரபு மதிப்பு உண்டா?

உண்டு. நெளிதகரம் 1829-இல் லண்டனில் காப்புரிமை பெற்றது. அதற்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு வயதாகிறது. அயர்லாந்தில் வளைவுக் கூரை போட்ட வைக்கோல் கொட்டகைகளும் அவற்றின் செங்காவி வண்ணமும் அந்த நிலத்தோற்றத்தின் பகுதியாகிவிட்டன. அதே நெளிதகரத்தில் மாற்றிப் பழைய நிறத்தில் வண்ணம் பூசினால் ஏற்றுக்கொள்கிறார்கள். சில சமயம் துருப்பிடித்த தகரத்துக்கு அடியில் பழைய வேய்ந்த கூரை அப்படியே இருக்கும். பிரிக்கும்போது பார்த்துப் பிரிக்கவும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும்.

வௌவாலும் கூகையும் குடியிருந்தால் வேலை நின்றுவிடுமா?

நிற்காது, ஆனால் நாள்காட்டி உங்கள் கையில் இருக்காது. ஐரோப்பாவில் வௌவால் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். ஆகவே விண்ணப்பத்தோடு உயிரின ஆய்வு கேட்பார்கள். கோடையில் வௌவால் குட்டி வளர்க்கும், குளிர்காலத்தில் உறங்கும். தகைவிலான் குருவி உத்தரத்தில் கூடு கட்டினால் குஞ்சு பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் சுண்ணாம்புக்கு ஒரு நிபந்தனை: உறைபனி விழும் முன் அது ஓரளவு இறுகியிருக்க வேண்டும், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் அது இறுகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குளிர்நாடுகளில் கூரையும் சுவரும் செய்ய ஏற்ற காலம் கோடையின் கடைசியும் இலையுதிர்காலத்தின் தொடக்கமும்தான். ஒப்புதல் கடிதம் தாமதமானால் ஒரு வருடமே போய்விடும். நிதி ஆண்டுக் கணக்கை முடிக்க அலுவலகம் அவசரப்படும், வௌவாலுக்கு நிதி ஆண்டு தெரியாது.

இந்த உயிர்களை இடையூறாக நினைக்க வேண்டியதில்லை. கூகை ஒன்று வசித்தால் எலிக்கு வேறு மருந்து வேண்டாம். அந்தக் காலத்தில் தானியக் களஞ்சியம் கட்டியவர்கள் முக்கோணச் சுவரின் உச்சியில் அதற்கென்றே துளை விட்டுக் கட்டினார்கள். பழுதுபார்க்கும்போது அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

முதலில் கட்டடத்தின் தகுதி: பாதைக்குத் தெரிகிறதா, ஒரு முற்றத்தைச் சுற்றிய தொகுப்பின் பகுதியா, பழைய கதவு, தாழ்ப்பாள், தீவனத் தொட்டி ஏதேனும் மிச்சம் இருக்கிறதா. அடுத்து அவசரம்: இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் இருக்குமா. அதற்கப்புறம் செய்யும் முறை. பெரும்பாலும் மரபுக் கட்டட வல்லுநர் ஒருவர் எழுதிய வேலைமுறை அறிக்கை தேவைப்படும்: எந்தப் பகுதியில் என்ன கோளாறு, என்ன பொருளால் எப்படிச் சரிசெய்யப்படும். "கூரை மாற்றுதல்" என்று ஒற்றை வரி எழுதிய விண்ணப்பம் தேறாது. "மேற்குச் சரிவில் ஆணி துருப்பிடித்து ஓடு சரிந்திருக்கிறது, ஓட்டை இறக்கித் தரம் பிரித்து, செம்பு ஆணியால் மீண்டும் பொருத்தப்படும்" என்று எழுதியது தேறும்.

புகைப்படத்தை நல்ல வெளிச்சத்தில், தூரத்திலிருந்து ஒன்றும் கோளாறுக்கு அருகிலிருந்து ஒன்றுமாக எடுங்கள். கட்டடத்தைத் தேர்வுக்குழு உங்கள் படத்தில் மட்டுமே பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் என்று வேலையைத் தொடங்கிவிட்டேன். பின்னால் பணம் கேட்கலாமா?

முடியாது. ஒப்புதலுக்கு முன் செய்த வேலைக்கு அநேகமாக எந்தத் திட்டமும் தராது. தற்காலிகமாக முட்டுக்கொடுப்பதும் தார்ப்பாய் போடுவதும் வேறு. அவற்றைச் செய்யலாம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வீடாகவோ விடுதியாகவோ மாற்றினால் கட்டடம் தானே பிழைத்துக்கொள்ளாதா?

பல இடங்களில் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2014 முதல் பண்ணைக் கட்டடத்தை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்ற வழி செய்தார்கள். தேசியப் பூங்காக்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் வீடு என்றால் சன்னல் வேண்டும், புகைபோக்கி வேண்டும், கார் நிறுத்த இடம், துணி காயப்போடக் கொடி, மின்கம்பம் எல்லாம் வேண்டும். சன்னலே இல்லாத நீண்ட கல் சுவர்தான் அந்தக் கட்டடத்தின் முகம். அதில் ஆறு ஓட்டை போட்டால் சுவர் மிஞ்சும், தொழுவம் மிஞ்சாது.

அதனால் பண்ணை வேலைக்கே திரும்பக் கொண்டுவரும் திட்டங்களை நான் அதிகம் மதிக்கிறேன். அமெரிக்காவில் 1987-இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையும் ஒரு வேளாண் இதழும் சேர்ந்து "பார்ன் அகைன்!" என்று ஒரு முயற்சி தொடங்கின. பழைய களஞ்சியத்தை இன்றைய பண்ணைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று விவசாயிகளுக்கே பரிசு கொடுத்துக் காட்டச் சொன்னார்கள். கன்று ஈனும் இடம், கருவிக் கிடங்கு, விதை சேமிப்பு, ஆட்டுக்கு மழை மறைப்பு என்று சின்னப் பயன்பாடு போதும். ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுகல் முதல் நாளே கண்ணில் படும்.

நடுவழியும் இருக்கிறது. ஜப்பானின் ஷிரகாவா-கோ கிராமத்து உயரக் கூரை வீடுகளின் மேல்தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அந்தத் தொழில் போய்விட்டது. 1971-இல் ஊர் மக்கள் கூடி விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். பின்னர் அரசுப் பாதுகாப்பும், 1995-இல் யுனெஸ்கோ உலக மரபு அங்கீகாரமும் வந்தன. இன்று பல வீடுகள் அருங்காட்சியகமாகவும் விருந்தினர் இல்லமாகவும் இருக்கின்றன. கூரைகள் நிற்கின்றன, உண்மைதான். கூடவே சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

வேலை தெரிந்த கைவினைஞர் கிடைக்காவிட்டால்?

இதுதான் எல்லா நாட்டிலும் பெரிய முட்டுக்கட்டை. பணம் ஒதுக்கிவிடலாம், சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கையை ஒதுக்கீட்டில் உருவாக்க முடியாது. ஷிரகாவா-கோவில் ஒரு கூரையை முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி வேய்கிறார்கள். ஊரே சேர்ந்து ஒருவர் வீட்டுக்கு வேய்ந்து கொடுக்கும் யூய் என்ற வழக்கம் இருந்ததால் பெரியவர்களைப் பார்த்துச் சிறியவர்கள் கற்றார்கள். ஐரோப்பாவில் காரை இல்லாமல் கல் அடுக்கி மதில் கட்டும் கலையைக் குரோஷியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. பட்டியல் நல்லதுதான், மானிய விதியிலேயே பயிலுநர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் கூடுதல் தொகை என்று எழுதினால் இன்னும் நல்லது.

ஆள் தேடும்போது பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து குளிர்காலம் தாண்டிய சுவராக இருக்கட்டும். நேற்று முடித்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

திட்டம் திடீரென்று நின்றுவிடுமா?

நிற்கலாம். இங்கிலாந்து 2018-இல் டார்ட்மூர், லேக் டிஸ்ட்ரிக்ட், நார்தம்பர்லேண்ட், பீக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ் ஆகிய ஐந்து தேசியப் பூங்காக்களில் மட்டும் 80 சதவீத மானியம் தரும் சோதனைத் திட்டம் நடத்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே போன்ற தொழுவம் வைத்திருந்தவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலேயே களஞ்சியப் பாதுகாப்புக்கு ஒரு பிரிவு சேர்ந்தது. சட்டம் இருந்தும் பல ஆண்டுகள் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே அறிவிப்பைப் பார்த்த பிறகு தயாராகத் தொடங்கினால் நேரம் போதாது. அறிக்கை, மதிப்பீடு, புகைப்படம் மூன்றும் கோப்பில் இருந்தால் எந்தத் திட்டம் வந்தாலும் மறுநாளே அனுப்பலாம்.

மானியம் வாங்கிய பிறகு என்ன கடமை?

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் காலம்வரை கட்டடத்தைப் பராமரிக்க வேண்டும், அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. விற்றால் நிபந்தனையும் சேர்ந்து போகுமா, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதைக் கையெழுத்திடும் முன் வாசித்துவிடுங்கள். பொதுமக்களை உள்ளே விட வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இந்த முறை கிடைக்கவில்லை. அதுவரை கட்டடத்தை எப்படித் தாங்குவது?

தண்ணீரை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. மழைநீர்க் குழாயில் அடைத்த இலையையும் முளைத்த செடியையும் எடுங்கள். ஓடு விலகிய இடத்தில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள், பக்கங்களில் காற்றுப் போக வழி விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே புழுங்கி மரம் கெடும். சுவரில் ஏறிய கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் வேர் இப்போது கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அடித்தண்டை மட்டும் வெட்டிவிட்டுக் காய விடுங்கள். வாசல் மேல் உத்தரம் தொய்ந்திருந்தால் ஒரு மரத்தூணை முட்டுக்கொடுங்கள். சுவரோரம் குவிந்த மண்ணையும் எருவையும் தள்ளிப் போடுங்கள், மூலையில் மாடு உரசாமல் வேலி கட்டுங்கள். விழுந்த ஓடு, கல், மரத்துண்டு எதையும் விற்கவோ எரிக்கவோ வேண்டாம். உள்ளேயே ஒரு பக்கமாக அடுக்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். விரிசல் நகர்கிறதா இல்லையா என்பது அதில் தெரியும், அடுத்த விண்ணப்பத்தோடு அந்தப் படங்களையும் சேர்த்து அனுப்பலாம்.